போர்டு யாருடையதோ, அவரே முதலாளி!

லஸ் முனையில் பஸ் ஏறி, மந்தைவெளியைக் கடந்து, திரு.வி.க. பாலத்தின் மேல் அடையாற்றைத் தாண்டி, லாட்டிஸ் பிரிட்ஜ் ரோடு முழுவதும் ஒரு முறை போய் வாருங்கள். வழியில் முடிவெட்டும் கடைகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். நாம் அறிந்த சலூன் அல்ல. கண்ணாடிக் கதவு; உள்ளே குளிர்ந்த காற்று; வாசலில் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், ஒரே பெயர். தியாகராய நகர் போனாலும் அதே பெயர். கோவையிலும் மதுரையிலும் அதே பெயர். உள்ளே ஒரே சீருடை அணிந்த வாலிபர்களும் பெண்களும் நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களை நாவிதர் என்று அழைப்பதில்லை. முடிதிருத்துவோர் என்றும் சொல்வதில்லை. ‘ஹேர் ஸ்டைலிஸ்ட்’ என்று பெயர்.

இதைப் படிக்கிற மில் தொழிலாளித் தோழரும் விவசாயத் தொழிலாளித் தோழரும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு தலைக்கு வாங்குகிற பணத்தில் வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம். ‘பணக்காரர் சமாசாரம், நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாற்காலியில் உட்காருகிறவர் நம்மவர் அல்ல என்பது வாஸ்தவம். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர் யார்?

சைதாப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி மாடி அறை ஒன்றில் ஐந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமம். தகப்பனாரும் தாயாரும் வயல் கூலிகள். அடையாற்றில் ஒரு பெரிய பெயர் கொண்ட சலூனில் வேலை.

“சார், நீங்க சங்கத்துல இருக்கீங்கன்னு கீழ்வீட்டு அக்கா சொன்னாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா? கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு” என்றாள்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. சாராம்சம் இதுதான்: இரண்டு வருஷம் இந்தக் கடையை விட்டுப் போகக்கூடாது, போனால் பயிற்சிச் செலவுக்காக 75,000 ரூபாய் கட்டவேண்டும், அதுவரை பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகள் கடையிடமே இருக்கும். இந்தப் பெண்ணோ பயிற்சிக்கென்று தாயாரின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டுத்தான் வேலைக்கே வந்திருக்கிறாள். பிறகு எந்தப் பயிற்சிக்கு இந்த 75,000? காகிதம் அதைச் சொல்லவில்லை.

தஞ்சைத் தோழர்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. கல்யாணத்துக்கு நாலு கலம் நெல்லும் கொஞ்சம் ரொக்கமும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பண்ணையாளைத் தலைமுறைக்கும் கட்டிப்போட்ட புத்திதான் இது. சலூன் வேலையைக் கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது மிகை. ஆனால் கயிறு திரித்த கை ஒன்றுதான்.

கோர்ட்டு என்ன சொல்கிறது? வேலையை விட்ட பிறகு அதே தொழிலை வேறெங்கும் செய்யக்கூடாது என்று கட்டுவது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் இத்தனை வருஷம் வேலையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்டவேண்டும் என்ற பாண்டு செல்லும் என்று 2025 மே மாதத்தில் விஜயா பாங்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே தொகை 2 லட்சம். அது பொதுத்துறை பாங்கு. ஓர் அதிகாரி பாதியில் போனால் மறுபடி விளம்பரம் செய்து ஆள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். வாசலில் ‘ஆள் தேவை’ என்று காகிதம் ஒட்டி ஆள் பிடிக்கிற கடைக்காரர்களும் இனி அந்தத் தீர்ப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கூலிக்காரர் மகளின் பிளஸ் டூ சர்டிபிகேட்டைப் பூட்டிவைக்க அந்தத் தீர்ப்பு எவருக்கும் லைசென்ஸ் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

பிறகு சம்பளக் கணக்கைக் கேட்டேன். கையில் வருவது மாதம் 14,000 ரூபாய். ‘டார்கெட்’ என்று ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் அவள் கையால் நடந்த வேலைக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த பணம் 56,000 ரூபாயைத் தாண்டவேண்டும். தாண்டினால்தான், தாண்டிய தொகையில் ஒரு சிறு பங்கு ‘இன்சென்டிவ்’. தாண்டாவிட்டால் அதுவும் இல்லை. மானேஜரின் முகச்சுளிப்பு மட்டும் உண்டு. கடைக்குக் கடை கணக்கு மாறும். சில இடங்களில் மூன்று மடங்கு, சில இடங்களில் ஐந்து மடங்கு. ஆனால் ‘உன் சம்பளத்தைப் போல இத்தனை மடங்கு’ என்ற முறை இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது.

தோழர்களே, மில்லில் உபரி மதிப்பு என்றால் என்னவென்று விளக்க நாம் கரும்பலகையும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு வகுப்பு நடத்தவேண்டியிருக்கிறது. நூல் எத்தனை கிலோ, பஞ்சு விலை என்ன, தறித் தேய்மானம் என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். இங்கே அந்தச் சிரமமே இல்லை! ‘நீ நாலு ரூபாய் சம்பாதித்தால் உனக்கு ஒரு ரூபாய்’ என்று நிர்வாகமே எழுதி உள்ளறைச் சுவரில் ஒட்டிவிடுகிறது. பத்து மணி நேரம் நின்றால், இரண்டரை மணி நேரம் தனக்காக. ஏழரை மணி நேரம் பிறருக்காக.

அந்த ஏழரை மணியும் சுத்த லாபம் என்று சொல்லமாட்டேன். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் கடை வாடகை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் இருக்கிறது, சாயமும் ஷாம்பும் இருக்கின்றன, வரி இருக்கிறது. வரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஆயிரம் ரூபாய் வேலைக்கு 180 ரூபாயாக இருந்த வரி 50 ரூபாய் ஆயிற்று. கட்டணம் இறங்கியதா என்று வாடிக்கையாளர் கேட்டார்கள். வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாதே என்று கடைக்காரர்கள் புலம்பினார்கள். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவரின் கூலி ஏறியதா என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

நிற்பது என்றேன். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி; அதிகப்படி வேலை சேர்த்தாலும் நாளுக்கு 10 மணிக்கு மேல் கூடாது; அதிகப்படிக்கு இரட்டைக் கூலி. இரட்டைக் கூலி என்ற வார்த்தையை அந்தப் பெண் கேள்விப்பட்டதே இல்லை. வாரம் ஒரு நாள் லீவு உண்டு. ஆனால் சனி, ஞாயிறு, முகூர்த்த நாள், தீபாவளி வாரம், பொங்கல் வாரம் எதிலும் கிடையாது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் இவளுக்குச் செல்போனில்தான். ஊரார் பெண்களுக்குக் கொண்டை போட்டுவிட்டுத் தன் அக்காள் கல்யாணத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பியிருக்கிறாள்.

2021இல் அந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: கடைத் தொழிலாளிக்கு உட்கார இடம் கொடுக்கவேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதிக்கவேண்டும். கேரளத்தில் இதே உரிமை 2018இல் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடியதன் பலன் அது. நம் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகள் படும் பாட்டை 2010இல் ‘அங்காடித் தெரு’ படம் வெளிச்சம் போட்டுக் காட்டியபோது ஊரே கண்ணீர் விட்டது. சட்டம் வர இன்னும் 11 வருஷம் ஆயிற்று. சரி, வந்துவிட்டது. சலூனில் என்ன நிலைமை? கடையில் எட்டு நாற்காலி இருக்கிறது. எட்டும் ஏறி இறங்கும், சுழலும், சாயும். ஒன்றிலும் அவள் உட்காரக்கூடாது! வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கண்ணாடிக்கு முன் நிற்கவேண்டும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்கிறது, வயது 22.

இன்னொரு விஷயம், புகை. சுருட்டை முடியை நேராக்குகிறோம், பளபளப்பாக்குகிறோம் என்று சில மருந்துகளைத் தடவிச் சுட்ட இரும்பால் தேய்க்கிறார்கள். அவற்றில் பலவற்றிலிருந்து சூட்டில் பார்மால்டிஹைடு என்ற வாயு கிளம்புகிறது. அது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. முடிதிருத்தும் தொழிலையே ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய’ தொழில்களின் வரிசையில் அதே நிறுவனம் வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு வருஷத்தில் இரண்டு முறை அந்தப் புகை. அவளுக்கு நாள்தோறும், அதுவும் குளிர்சாதனத்துக்காக ஜன்னல் அடைத்த அறையில். பஞ்சுத் தூசி நெஞ்சை அரிப்பதைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொள்ள வைக்க மில் தொழிலாளிகள் எத்தனை காலம் போராடினோம்! பஞ்சுத் தூசியாவது கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பொறுப்பு யார்? இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது.

“உங்க முதலாளி யாரம்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் யோசித்தாள். போர்டில் இருக்கும் பெயரைச் சொன்னாள். பிறகு, “இல்ல சார், அது கம்பெனி. கடை ஒரு மேடத்தோடது. அவங்க வீடு பெசன்ட் நகர்ல” என்றாள்.

‘பிரான்சைஸ்’ என்ற முறை இது. விவசாயத் தொழிலாளிக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: குத்தகை. மிராசுதாரர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மயிலாப்பூரில் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது குத்தகைக்கு விடுவது நிலம் அல்ல, பெயர். கம்பெனி தன் பெயரையும் போர்டையும் கொடுக்கிறது. குத்தகைக்காரர் பாங்கில் கடன் வாங்கிக் கடை போடுகிறார். விற்பனையில் ஒரு பங்கு மாதந்தோறும் கம்பெனிக்குப் போகிறது, விளைந்தாலும் விளையாவிட்டாலும். சீருடை எந்த நிறம், எந்த ஷாம்பு, எவ்வளவு கட்டணம், தொழிலாளி எப்படி வணக்கம் சொல்லவேண்டும் என்பது வரை கம்பெனி சொல்கிறது. கூலி, லீவு, வைத்தியம், பிரசவம் என்று பேச்சு எடுத்தால் மட்டும், ‘அது கடைக்காரரைச் சேர்ந்தது’ என்கிறது.

எந்த ஒரு கம்பெனியையும் குறிவைத்து இதை எழுதவில்லை. கடலூரில் 1983இல் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு பாக்கெட்டை நம் வீட்டுப் பெண்கள் பெட்டிக் கடையில் சில்லறைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த கெவின்கேர் கம்பெனி பிற்பாடு ‘கிரீன் டிரெண்ட்ஸ்’ கடைகளை நடத்தியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த குமாரவேல்–வீணா தம்பதி 2000இல் சென்னையில் ‘நேச்சுரல்ஸ்’ தொடங்கினார்கள். இன்று பல நூறு கடைகள். டாட்டா 1952இல் தொடங்கிய ‘லாக்மே’, 1998 வாக்கில் ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போய், அதன் பெயரிலும் சலூன்கள் வந்தன. கையில் சரக்கு இருக்கிறவன் கடையும் போடுகிறான்; மூலதனத்தின் போக்கு அது. குத்தகைக்கு எடுக்கும் பெண்மணிகளிலும் பலர் நடுத்தரக் குடும்பத்தினர். வீட்டை அடமானம் வைத்துக் கடை போட்டு, வட்டி கட்ட முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. குத்தகைக்காரரைப் பகைப்பது நம் வேலை அல்ல. மேல்வாரம் வாங்குகிறவர் பொறுப்பிலிருந்து நழுவக்கூடாது என்பதுதான் நம் வாதம்.

நழுவுவது எப்படி என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ. வேண்டுமானால் ஒரு நிறுவனத்தில் 10 பேர் வேலை செய்யவேண்டும். வைப்பு நிதிக்கு 20 பேர். ஒரே முதலாளிக்குப் பல கிளைகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணலாம். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு குத்தகைக்காரர் என்றால், ஒரே போர்டின் கீழ் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு ஏழு பேர், எட்டு பேர், ஒன்பது பேர்!

இதையும் தஞ்சைத் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஒரு கிராமத்தில் ஒரு வேலி நிலத்துக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவருக்குத்தான் அது செல்லும் என்று வைத்தார்கள். உடனே மிராசுதாரர்கள் மாமன் பெயரில் கொஞ்சம், மைத்துனர் பெயரில் கொஞ்சம் என்று எழுதிவைத்தார்கள். வயல் ஒன்றாகவே கிடந்தது. பத்திரத்தில் மட்டும் துண்டு துண்டாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டினால் முதலாளிக்கு என்ன செலவு? 14,000 ரூபாய்க்கு 3.25 சதவீதம்: 455 ரூபாய். அவள் பங்கு 0.75 சதவீதம்: 105 ரூபாய். ஒரு பெண்ணின் தலைமுடியை ஒரு முறை வெட்டிச் சீர்செய்ய அதே கடையில் வாங்கும் கட்டணத்தை விட இந்த 455 ரூபாய் குறைவு. இதற்குத்தான் இவ்வளவு பத்திரம், இவ்வளவு துண்டு! கட்டினால் கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டலாம். கல்யாணமாகிப் பிரசவம் வந்தால் 26 வாரம் சம்பளத்துக்குச் சமமான உதவி கிடைக்கும்.

‘பெயரை மட்டும் கொடுத்தவரை முதலாளி என்று எப்படிச் சொல்வது? அது நடக்கிற காரியமா?’ என்று வக்கீல்கள் கேட்பார்கள். நடந்த காரியம்தான். பீடித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு யார் முதலாளி? இலை கொடுக்கிறவர் ஏஜெண்டு. அவருக்கு மேல் கான்டிராக்டர். பீடிக் கட்டில் ஒட்டும் லேபிளோ எங்கோ இருக்கும் கம்பெனியுடையது. ‘எங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, சுற்றிய பீடியை விலைக்கு வாங்கினோம், அவ்வளவுதான்’ என்று லேபிள்காரர்கள் சாதித்தார்கள். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. நடுவில் எத்தனை கான்டிராக்டர் இருந்தாலும் பிரதான முதலாளி தப்பிக்க முடியாது என்று அது சொன்னது. மங்களூர் கணேஷ் பீடி முதலாளிகள் முதலானோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974இல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த, ஒருவரை ஒருவர் பார்த்திராத லட்சக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்த வெற்றி அது. அந்தச் சட்டமே 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது என்பது வேறு கதை. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். ஆனால் நியாயம் கரைந்துவிடவில்லை. பீடிக்கு லேபிள், சலூனுக்கு போர்டு. போர்டிலிருந்து வருமானம் வாங்குகிறவர் போர்டின் கீழ் நிற்கிறவருக்கு ஜவாப்தாரி. ஒரே போர்டின் கீழ் உள்ள கடைகள் அனைத்தையும் ஒரே ஸ்தாபனமாக எண்ணவேண்டும். இதைச் சட்டமாக்க ராஜ்ய சர்க்காரும் மத்திய சர்க்காரும் கைவைக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இதன் பின்னால் வரும்.

‘பழைய சலூனே மேல்’ என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை. கிராமத்தில் முடிதிருத்துகிறவருக்குக் களத்தில் நெல் அளந்து போட்டுவிட்டு, வருஷம் முழுவதும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரச் சொன்னார்களே, அந்தப் பெருமையை அவர் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சேரிக்காரர் தலையில் கத்தரி படாது என்ற கொடுமை இன்னும் சில ஊர்களில் சாகவில்லை. இந்தக் கண்ணாடிக் கதவுக் கடையில் எந்த ஜாதிப் பிள்ளையும் கத்தரி பிடிக்கிறது. காசு கொடுக்கிற எவரும் நாற்காலியில் உட்காருகிறார்கள். அது முன்னேற்றம், மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் பழைய சலூனில் இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை முடி எடுக்கக்கூடாது என்ற ஜனங்களின் நம்பிக்கையை முடிதிருத்துவோர் சங்கங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதும் ஒரே நாளில் கதவை அடைத்தன. மூட நம்பிக்கையிலிருந்து வாரவிடுமுறையைக் கறந்த சாமர்த்தியம் வேறு எந்தத் தொழிலாளிக்கும் வரவில்லை! சுவரில் சங்கம் நிர்ணயித்த கட்டணப் பட்டியல் தொங்கும். எவரும் அதற்குக் கீழே வெட்டமாட்டார்கள். இரண்டாவது, அங்கே பத்திரிகை கிடக்கும். ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் வாதம் செய்வார்கள். ‘இங்கு அரசியல் பேசக்கூடாது’ என்று போர்டு மாட்டவேண்டிய அளவுக்கு அரசியல் பேசிய இடம் அது. இப்போது கடை ஏழு நாளும் திறந்திருக்கிறது. படிக்கப் படம் போட்ட விலைப்பட்டியல்தான் இருக்கிறது.

பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் வாலிபர் மணிப்பூர்க்காரராகவோ மிஜோராம்காரராகவோ இருக்கலாம். சென்னைச் சலூன்களில் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் அநேகர். ‘அவங்களுக்கு எங்களைவிடக் கூலி கொஞ்சம் ஜாஸ்தி சார், முகத்தைப் பாத்துக் குடுக்கறாங்க’ என்று அந்தப் பெண் குறைப்பட்டாள். இருக்கலாம். ஆனால் அவர்கள் கடை கொடுத்த அறையில் படுக்கிறார்கள். வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போய்விடும். 2012 ஆகஸ்டில் ஒரு புரளி கிளம்பியதும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறி ஓடியவர்கள் இவர்கள்தான். அந்த ரயிலில் ஏற்றிவிடப் போன சக தொழிலாளிகள் எத்தனை பேர்? மொழி தெரியாதவனைக் காட்டி உன் கூலியையும், உன்னைக் காட்டி அவன் கூலியையும் அமுக்குவார்கள். அவனை ஒதுக்கிவிட்டு இந்தத் தொழிலில் சங்கம் கட்ட முடியாது.

‘ஏழு பேர் கடையில் சங்கமா?’ என்று கேட்பது பழைய கேள்வி. பெரம்பூர் பி அண்டு சி மில்லில் ஒரே வாசலில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த வசதி இங்கே இல்லை. ஆனால் அமெரிக்காவில் இதே முடிதிருத்தும் தொழிலாளிகள், ஒரு கடைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று சிதறிக் கிடந்தவர்கள், 1887இலேயே தேசம் தழுவிய சங்கம் கண்டார்கள். சங்க நிபந்தனைகளை ஏற்ற கடைக்குச் சங்கம் ஓர் அட்டை கொடுக்கும். ஜன்னலில் அந்த அட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தொழிலாளி வாடிக்கையாளர் உள்ளே போவார். அவ்வளவு தூரம் போவானேன்? 2021 அக்டோபரில் குருகிராமத்தில், அர்பன் கம்பெனி என்ற செல்போன் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள், கமிஷன் பிடித்தத்தை எதிர்த்துக் கம்பெனி வாசலில் திரண்டார்கள். ஒரே அறையில் ஒரு நாள்கூடச் சேர்ந்து வேலை செய்யாதவர்கள்! கம்பெனி சில சலுகைகளை அறிவித்தது. டிசம்பரில் மறுபடி போராட்டம் வந்தபோது கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. யாரும் ஒன்றுசேர முடியாத இடத்தில் எதற்குத் தடையுத்தரவு வாங்கவேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் கிளம்பும்போது கேட்டேன்: “கடையில எத்தனை பேரம்மா?”

“ஒன்பது பேர் சார். மேடம் எப்பவும் ஒன்பதுக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க.”

“கூட்டிப் பெருக்கறது யார்?”

“அது கண்ணகி நகர்லேருந்து ஒரு அக்கா வர்றாங்க. அவங்க கான்டிராக்ட். வாசல்ல வாச்மேன் தாத்தா இருக்காரு, அவரும் கான்டிராக்ட். அவங்க எங்க ஸ்டாப் இல்ல சார்.”

கான்டிராக்டில் வந்தாலும், கடை வேலையைக் கடைக்குள் செய்கிறவரை ஈ.எஸ்.ஐ.க்குக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதைச் சொன்னேன். ஒரு முறை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு ஆளைக் குறைத்தாலும் கடை சட்டத்துக்கு வெளியே போக முடியாது என்பதையும் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“அப்ப நாங்க பதினொண்ணு சார்!”

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. பதினோரு பேரின் பெயரும், சேர்ந்த தேதியும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கண்ணகி நகர் அக்காவின் பெயரை முதலில் எழுதச் சொன்னேன். அந்த அக்காவின் முழுப் பெயர் அவளுக்குத் தெரியாதாம். நாளைக் காலையில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.